திருகின் மேல் மூன்று புள்ளி

ஒரு திருகை முறுக்க ஒரு கருவி. அந்தக் கருவிக்கு ஒரு சான்றிதழ். அது சரியாக அளக்கிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை சோதனை வேறு. என் தங்கை ரீனா இதையெல்லாம் எழுதிய தாளைப் பட்டறை மேஜையில் வைத்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. யார் மேல் கோபம் என்பது மட்டும் இப்போது மாறியிருக்கிறது.

நான் செபஸ்தியான். திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் பூட்டுப் பட்டறை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷத் தொழில். ரீனா எனக்குப் பன்னிரண்டு வயது இளையவள். கல்லூரி நாளிலிருந்து பத்து மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறாள். லைசென்ஸ் வேண்டாத காற்றுத் துப்பாக்கிதான், ஆனாலும் வெளிநாட்டுச் சரக்கு. வீட்டில் அதை ஒரு கைக்குழந்தையைப் போல வைத்திருப்பாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட, இந்த வருஷம் அவள் மாநிலப் போட்டியில் சுட்டே ஆக வேண்டும். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். ஒரு குண்டுக்கு அதிகபட்சம் பத்து புள்ளி ஒன்பது என்று கணக்கு. மாநிலத்துக்குப் போக கிளப் தேர்வில் அறுபது குண்டில் அறுநூற்றுப்பத்துப் புள்ளி எடுக்க வேண்டும். பயிற்சியில் அறுநூற்றுப் பதினாலு, பதினைந்து என்று எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் இந்த எண்கள் மனப்பாடம்.

தேர்வுக்குப் பதினைந்து நாள் முன்னால் துப்பாக்கியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி பூட்டும்போது கட்டையையும் குழலையும் சேர்க்கிற அடிப்பக்கத் திருகு ரெண்டு, குறி பார்க்கிற பீப் சைட்டைப் பிடிக்கிற திருகு ரெண்டு, நாலையும் விரலால் மட்டும் முறுக்கி நிறுத்திவிட்டாள்.

"அண்ணே, அடித்திருகுக்கு அஞ்சு நியூட்டன் மீட்டர், சைட்டுக்கு ரெண்டு. அதுக்கு மேல ஒரு பொட்டு போகக்கூடாது. கமருதீன் பாய் கடையில டார்க் ரெஞ்சு இருக்கான்னு பாரு. சின்னது. ஒண்ணுலருந்து பத்து வரைக்கும் அளக்குறது. அளவு வந்ததும் டிக்குனு சத்தம் குடுக்கணும்."

"எதுக்கு? நான் இல்லையா இங்க?"

"உன் கையில அஞ்சுன்னு எழுதியிருக்கா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்குத்தான் சுருக்கென்று இருந்தது. எட்டு லீவர் பூட்டில் ஒரு மயிரிழை கூடினால் சாவி சிக்கும், குறைந்தால் பூட்டு ஆடும். அதை அளக்க நான் எந்தக் கருவியும் வாங்கியதில்லை. இந்தக் கையில் சோறு தின்று வளர்ந்தவள் இந்தக் கையை நம்பமாட்டேன் என்கிறாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பேகம்பூருக்கு வண்டியை எடுத்தேன்.

கமருதீன் பாய் கடையில் ஆணியிலிருந்து ஜாக்கி வரை எல்லாம் உண்டு. என் கையளவு நீளத்தில் ஒரு டார்க் ரெஞ்சை எடுத்துக் காட்டினார். லாரிச் சக்கரத்துக்கு உள்ளது. இருபத்தெட்டிலிருந்து இருநூற்றுப்பத்து வரை அளக்கும்.

"இதை எடுத்துக்கிறேன் பாய். இருநூறு அளக்குறது அஞ்சை அளக்காதா?"

"அளக்காது செபஸ்தி. எடை மேடையில மூக்குத்தியை வச்சா முள்ளு அசையுமா? உனக்கு வேண்டிய அளவு கருவியோட அளவுக்கு நடுவுல வரணும். ஓரத்துல வந்தாலே நம்பக்கூடாது. இது அஞ்சுக்குள்ள இறங்கவே இறங்காது. நீ சத்தத்துக்குக் காத்துக்கிட்டு முறுக்குவே, சத்தம் வர்றதுக்குள்ள திருகு ஒடிஞ்சுரும்."

"அப்ப சின்னது?"

"கோயம்புத்தூர்லருந்து வரணும். நாலு நாள் ஆகும். சொல்லவா?"

நாலு நாள்! நாலு திருகு முறுக்க நாலு நாள். "வேணாம் பாய், பாத்துக்கிறேன்" என்று வந்துவிட்டேன்.

வீட்டில் ரீனா இல்லை. பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டுப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தாள். துப்பாக்கிப் பெட்டி கட்டில்மேல் திறந்து கிடந்தது. ஆலன் கீயை எடுத்தேன். நாலு திருகையும் முறுக்கினேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கடைசித் திருகு நின்ற பிறகும் மூச்சைப் பிடித்துக் கால் சுற்று வைப்போம். வைத்துவிட்டு, திருகுத் தலையின் விளிம்பில் சென்டர் பஞ்ச் என்கிற கூர்முனைக் கம்பியால் மூன்று குத்து குத்துவோம். அந்தக் குத்தில் தலை நசுங்கி இறுகிக்கொள்ளும். பிறகு எந்தத் திருடனாலும் அதைக் கழற்ற முடியாது. ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு குத்து. என்னுடையது முக்கோணமாக மூன்று புள்ளி. செய்த பூட்டைத் திருடன் கழற்றினான் என்று பேர் வந்தால் திண்டுக்கல்லில் தலை காட்ட முடியாது.

அடித்திருகு ரெண்டுக்கும் மூன்று புள்ளி வைத்தேன். அவை குழிக்குள் இருப்பதால் வெளியே தெரியாது.

சாயங்காலம் அவள் வந்தாள். "ரெஞ்சு கெடைச்சுதா?"

"பாய்கிட்ட இரவல் வாங்கி முறுக்கிட்டுக் குடுத்துட்டேன். அஞ்சு, ரெண்டு. நீ சொன்ன மாதிரியே."

பொய்தான். நாக்கு கொஞ்சம்கூடத் தடுக்கவில்லை. என் கையும் கருவியும் ஒன்றுதானே, இதில் என்ன பொய் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். "அண்ணேன்னா அண்ணேதான்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். இப்போது நினைத்தால் அந்தத் தட்டுக்காகவே என்னை நாலு அறை அறையலாம்.

மறுநாளிலிருந்து அவளுக்குப் புள்ளி இறங்கியது. அறுநூற்றேழு. அறுநூற்று மூன்று. சைட்டை ஒரு கிளிக் இடது பக்கம் நகர்த்தினால் குண்டு நகராது, இன்னொரு கிளிக் வைத்தால் ரெண்டு கிளிக்குக்குத் தாவும் என்றாள். அதற்குக்கூட துப்பாக்கியைச் சந்தேகப்படவில்லை. கண்ணைச் சந்தேகப்பட்டாள். கண் டாக்டரிடம் போய்வந்தாள். காப்பியை நிறுத்தினாள். மூச்சுப் பயிற்சி, தியானம், நிற்கிற நிலையை மாற்றுவது, மாற்றியதைத் திரும்ப மாற்றுவது. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வலது கையை நீட்டி வைத்து, விரல் நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மனசை லேசா வச்சுக்க புள்ள. பயப்படாம சுடு" என்றேன். நான் சொன்னேன் இதை. வெஞ்சனத்தை அவள் தட்டில் தள்ளிக்கொண்டே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைத் தேர்வில் ஐந்நூற்றுத் தொண்ணூற்றேழு புள்ளி எட்டு.

வத்தலக்குண்டு ரோட்டில் இருக்கிற அந்த ரேஞ்சிலிருந்து வீடு வரை என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். மறுநாள் காலையில் துப்பாக்கியை விற்றுவிடலாம் என்று முடிவு செய்து, படம் எடுப்பதற்காகக் கழற்ற உட்கார்ந்திருக்கிறாள்.

பதினோரு மணி இருக்கும். பட்டறை வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் துப்பாக்கி, ஒரு கையில் டார்ச். உள்ளே அய்யலூர் வியாபாரி ஒருவர் ஆட்டுக் கொட்டகைக்குப் பூட்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இருப்பதையே அவள் கவனிக்கவில்லை.

"இது யாரு புள்ளி?"

குழிக்குள் டார்ச் அடித்தாள். முக்கோணமாக மூன்று புள்ளி. நான் குத்தியதிலேயே அழகான குத்து அதுதான் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

"அது... ரெஞ்சுல அஞ்சு வச்சு முறுக்கினேன்ல. அதுக்கப்புறம் ஆடக்கூடாதேன்னு..."

அவள் டார்ச்சை மேஜையில் வைத்தாள். போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாய், ரீனா பேசுறேன். எங்கண்ணன் அன்னைக்கு உங்ககிட்ட சின்ன டார்க் ரெஞ்சு இரவல் வாங்குச்சா?"

"இல்லியேம்மா. என்கிட்ட அப்ப இல்லவே இல்ல. வேணாம்னுட்டுப் போயிருச்சு. பிள்ளைக்குப் போட்டியாச்சேன்னு நான்தான் ஒண்ணு வரவச்சேன். வந்து ஒம்பது நாளாச்சு. செபஸ்தி இந்தப் பக்கமே வரல."

ஒன்பது நாள். பேகம்பூர் இங்கிருந்து வண்டியில் பத்து நிமிஷம்.

ரீனா போனை வைத்தாள். அவள் கத்திப் பேசி நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

"கண்ணு போச்சுன்னு அழுதேன்ணே! கை நடுங்குதுன்னு அழுதேன்! கோயில்ல முட்டி போட்டு அழுதேன்! நீ பக்கத்துல உக்காந்து பயப்படாதங்கிற! திருகை முறுக்கினதுக்குக்கூட நான் கேக்கல. அஞ்சுன்னு சொன்ன பாரு, அதுக்குத்தான். கையால முறுக்கினேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே கழட்டிப் பாத்திருப்பேன்ல!"

வியாபாரி பூட்டை மேஜையில் வைத்துவிட்டு மெதுவாக வெளியே போனார். எனக்கும் கோபம் வந்தது. என்ன கோபம் என்று கேட்காதீர்கள். மாட்டிக்கொண்டவனுக்கு வருகிற கோபம். "பெரிய இவ! ஒரு கால் சுத்துல என்னத்தக் கெட்டுப்போச்சு?" என்று நானும் கத்தினேன்.

அவள் பாய் கடைக்குப் போய் அந்தச் சின்ன ரெஞ்சை வாங்கிக்கொண்டு வந்தாள். பட்டறை வைஸில் ஒரு இரும்புத் துண்டைப் பிடித்து அதில் ஒரு திருகைப் போட்டாள். ஆலன் கீயை என் கையில் கொடுத்தாள்.

"அஞ்சு வையி."

முறுக்கினேன். ரெஞ்சை ஐந்தில் வைத்துப் பிடித்தாள். திருகு அசையவில்லை, டிக் என்றது. எட்டில் வைத்தாள். டிக். அந்தக் கருவியின் கடைசி அளவு பத்து. பத்திலும் திருகு அசையாமல் டிக் என்றது. பத்துக்கு மேல் எவ்வளவு என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும்.

"இன்னொரு தடவை."

இந்த முறை பயந்து முறுக்கினேன். மூன்றில் வைத்ததற்கே திருகு நகர்ந்து கொடுத்தது. மூன்றாவது முறை ஏழு. நான்காவது முறை நான் கீயைக் கீழே வைத்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷம் இந்தக் கையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

குத்திய திருகு ரெண்டையும் ட்ரில் போட்டுத்தான் எடுக்க முடிந்தது. அவள் எடுக்கவிட்டாள், ஆனால் பக்கத்திலேயே நின்றாள். சைட்டின் அடிப்பிடி ஒரு பக்கமாக நசுங்கியிருந்தது. கிளப்பில் ஒரு பழைய சைட் இருந்தது, அதை இரவல் கேட்கலாம். அது கிடைத்தாலும் தேர்வு முடிந்துபோயிருந்தது.

"கிளப்புல அருள்நாதன் சார் சனிக்கிழமைதான் மாநிலத்துக்குப் பேர் அனுப்புறாரு. நான் சொன்னா தோத்தவ சாக்கு சொல்றான்னு நெனைப்பாரு. நீ வந்து சொல்லு" என்றாள். "எல்லாரு முன்னாலயும்."

புதன்கிழமை மாலை போனேன். அருள்நாதன் சார் கிளப் செயலாளர். சுற்றி எட்டுப் பேர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ரெண்டு பேர் வீட்டு வாசலில் என் பூட்டுதான் தொங்குகிறது. சொன்னேன். கையால் முறுக்கியது, குத்தியது, அஞ்சு என்று பொய் சொன்னது, எதையும் விடவில்லை. அந்தத் திருகையும் காட்டினேன்.

சார் திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "துப்பாக்கிக்குச் சுடுறவங்கதாங்க பொறுப்பு. அடுத்தவங்க கைபட்டதை அவங்க சோதிச்சிருக்கணும். விதி அப்படித்தான்" என்றார்.

"விதி சரிதான் சார். ஆனா என் தங்கச்சி யாரோ ஒருத்தனை நம்பல. என்னைய நம்புச்சு."

என் குரல் எனக்கே கேட்க சகிக்கவில்லை. ஒரு பையன் சுடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். சார் திருகை என் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "வெள்ளிக்கிழமை காலையில ஆறரைக்கு வந்து மறுபடி சுடட்டும். ஒரே ஒரு தடவைதான்" என்றார்.

வெள்ளிக்கிழமை அவள் புதுத் திருகுகளை ரேஞ்சிலேயே முறுக்கினாள். அடித்திருகு ரெண்டுக்கும் ஐந்து, கிளப்பில் இரவல் வாங்கிய சைட்டுக்கு ரெண்டு. ஒவ்வொன்றுக்கும் டிக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தில் அவள் கை சட்டென்று நின்றது. என் கை அங்கிருந்து இன்னும் வெகுதூரம் போயிருக்கும். நான் கம்பிக்கு வெளியே நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் என் கையை எங்கே வைப்பது என்றே தெரியாமல் நின்றேன்.

அறுநூற்றுப் பதினொன்று புள்ளி மூன்று.

சார் அவள் பெயரைப் பட்டியலில் எழுதினார். அவள் குனிந்து துப்பாக்கியைப் பெட்டியில் வைத்தாள், ரெஞ்சை அதன் பக்கத்தில் வைத்தாள். பிறகு பையிலிருந்து ஒரு பூட்டை எடுத்துப் பெட்டியில் மாட்டினாள். புதுப் பூட்டு. நான் செய்ததில்லை. நாகல் நகரில் இன்னொரு பட்டறைக்காரன் போட்ட பூட்டு. அவன் சரக்கைப் பற்றி நான் வீட்டில் எத்தனை நாள் திட்டியிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். சாவியை ஜெபமாலையோடு கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"போலாம்ணே" என்று வண்டியில் ஏறினாள்.

இப்போது அந்தப் பெட்டி அவள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. மாநிலப் போட்டிக்கு இன்னும் பதினெட்டு நாள். பேசுகிறாள், சிரிக்கிறாள், சோறு போட்டால் சாப்பிடுகிறாள். பூட்டைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த மட்டமான பூட்டை அரை நிமிஷத்தில் கம்பி ஒன்றால் திறந்துவிடுவேன். அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் மாட்டியிருக்கிறாள்.