மேப் காட்டிய சுவர்

கழுத்தில் அளவு நாடா தொங்க, வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளைக்கூட எடுக்காமல் அவள் வாசலுக்கு ஓடினாள். அவர்கள் வீட்டுச் சுற்றுச்சுவருக்கும் எதிரே இருந்த மெக்கானிக் ஷெட்டுக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கார் முன்னேயும் போகமுடியாமல் பின்னேயும் போகமுடியாமல் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. ஓட்டியவர் கண்ணாடியை இறக்கி, ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டார். அவர் கேட்கும்போதே மடியில் கிடந்த அவருடைய போன், சேருமிடம் வந்துவிட்டது என்று இனிமையாகச் சொல்லிற்று. அவள் குண்டூசிகளைக் கையில் துப்பிக்கொண்டாள்.

"வீதிக் கடைசியில சுவர் தெரியுதில்ல? அதுக்குப் பின்னாடிதான். ஏறிக் குதிச்சுப் போங்க."

அவர் முகம் சுண்டிப்போனது. பின் இருக்கையில் ஒரு வயதான அம்மாள் மடியில் சாப்பாட்டுப் பாத்திரத்தை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்த பிறகும் அவளுக்கு இரக்கம் வரவில்லை. உள்ளே கணவன் தூங்கிக்கொண்டிருந்தான். இந்தக் கீச்சொலியில் விழித்திருப்பான்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கச் சுவரில் போய் முட்டி நிற்கும் சின்ன வீதி அது. முன்வாசலுக்குப் போக வேண்டுமானால் திரும்பவும் மெயின் ரோட்டுக்கு வந்து, பாலத்தடியில் நெரிசலில் நின்று, ஒரு பெரிய சுற்றுச் சுற்ற வேண்டும். போன வருடம் அவசரப் பிரிவைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து ஜி.பி.எஸ். வைத்து வருகிற எல்லா வண்டியையும் மேப் இங்கே கொண்டுவந்து தள்ளியது. ஆம்புலன்ஸ்காரர்களுக்கு வழி தெரியும், அவர்கள் வருவதில்லை. வழி தெரியாத குடும்பங்களும், ஊருக்குப் புதிதான டிரைவர்களும்தான் வந்து சுவரைப் பார்த்து விழித்தார்கள். ஒரு வண்டி பின்னால் எடுப்பதற்குள் இன்னொன்று உள்ளே நுழைந்துவிடும். பிறகு இருவரும் ஹாரனை விட்டுக் கை எடுக்கமாட்டார்கள். எதிர் ஷெட்டு மெக்கானிக்கை எல்லோரும் ஸ்பேனர் என்றே கூப்பிடுவார்கள். அவன் அவளை வம்புக்கு இழுப்பான். "அக்கா, ஒரு டீக்கடை போடுங்க. இப்பிடிக் கூட்டம் எந்தக் கடைக்கு வரும்?" அவளுக்குச் சிரிப்பு வராது.

கணவனுக்கு ஒரு கிடங்கில் ராத்திரி வேலை. சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட்டை ஓட்டுகிறவன். பகல் தூக்கம்தான் அவனுக்குத் தூக்கம். காதில் பஞ்சு, கண்மேல் ஈரத்துணி, ஜன்னலுக்குப் பழைய போர்வை என்று எல்லாம் செய்து பார்த்தாயிற்று. போன வாரம் வண்டி ஓட்டிக்கொண்டே கண் அசந்து, ஒரு அலமாரியை இடித்துவிட்டான். மேலே இருந்த பெட்டிகள் அவனுக்கு ஒரு கை தள்ளி விழுந்தன. இன்னொரு தடவை நடந்தால் வேலைக்கு வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வேலை போவதைக்கூட அவள் தாங்கிக்கொள்வாள். அந்த ஒரு கை தூரத்தை நினைத்தால்தான் தையல் மிஷினில் கால் நின்றுவிடும்.

சொல்லாத இடமில்லை. ஆஸ்பத்திரி ஆபீஸில், மேப் எங்கள் கையில் இல்லையம்மா என்றார்கள். போனில் மேப்பைத் திறந்து, இந்த வழி தவறு என்று திருத்தி அனுப்பினாள். உங்கள் பங்களிப்புக்கு நன்றி என்று பதில் வந்தது, வண்டிகளும் வந்தன. ஆஸ்பத்திரிக்கு வழி இல்லை என்று அட்டையில் பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிட்டாள். போனைப் பார்த்து ஓட்டுகிறவர்களுக்கு அட்டை எங்கே தெரியப்போகிறது.

முன்பெல்லாம் ஆஸ்பத்திரிப் பக்கம் சைரன் கேட்டால் மிதிப்பதை நிறுத்திவிட்டு, உள்ளே போகிறவர் யாராயிருந்தாலும் நடந்தே திரும்பி வரட்டும் சாமி என்று ஒரு நொடி கண்ணை மூடுவாள். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, தானாக வந்த பழக்கம். அது எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது. இப்போது வண்டிச் சத்தம் கேட்டால் வாயில் வேறு சொற்கள் வந்தன. ஒருநாள் அந்தச் சொற்களில் ஒன்று கொஞ்சம் சத்தமாகவே வெளியே வந்து, அவளே திடுக்கிட்டு ஊசியால் விரலைக் குத்திக்கொண்டாள்.

வெள்ளைக் கார் போன அன்று சாயங்காலம் அவள் ஸ்பேனரிடம் போய், வண்டி கட்டி இழுக்கும் சங்கிலியைக் கேட்டாள். அவன் முதலில் தயங்கினான். வேண்டாம்க்கா, யாராவது கேஸ் கொடுத்தால் வம்பு என்றான். அவள் அந்த அலமாரிக் கதையைச் சொன்னாள். அவனே வந்து வீதி முனையில் விளக்குக் கம்பத்துக்கும் முதல் வீட்டு இரும்புத் தூணுக்கும் குறுக்கே சங்கிலியைக் கட்டிப் பூட்டும் போட்டுக் கொடுத்தான். சைக்கிளும் ஸ்கூட்டரும் ஓரமாகப் போகலாம். கார் நுழைய முடியாது.

மறுநாள் வீதி கழுவிவிட்டதுபோல் இருந்தது. கணவன் மத்தியானம் தாண்டியும் தூங்கினான். எழுந்து வந்து, ஆள் யாரும் செத்துக்கித்துப் போய்விட்டார்களா, இவ்வளவு அமைதியாக இருக்கிறதே என்று கேட்டான். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சோறு போட்டாள். அந்தச் சொல் மட்டும் நெஞ்சில் கொஞ்சம் உறுத்தியது.

அதற்கு அடுத்த நாள் காலையில் வீதி முனையில் ஹாரன் கேட்டது. விட்டு விட்டு, பிறகு விடாமல். அவள் எழுந்திருக்கவில்லை. அடிக்கட்டும். கை வலித்தால் போவார்கள். பள்ளிச் சீருடை ஒன்றின் காலரை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றது. அப்பாடா என்று நூலை அறுக்கும்போது ஓடிவரும் காலடிகள் கேட்டன.

டாக்ஸி டிரைவர் ஒருவர், கனத்த ஆள், கைகளில் ஒரு சிறுமியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பின்னால் தாய். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. கையில் போனைப் பிடித்து, இங்கேதான், இங்கேதான் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் சுவருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள். அந்த அம்மாளின் கையிலிருந்த போனும் சேருமிடம் வந்துவிட்டது என்றது.

கத்தவேண்டும் என்றுதான் அவள் கேட்டைத் திறந்தாள். சிறுமியின் வாயைப் பார்த்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது.

"வழி எங்கக்கா?" என்றார் டிரைவர். அவருக்கே மூச்சு வாங்கியது. "எந்தப் பாவி அங்க சங்கிலி கட்டினது?"

"நான்தான்" என்றாள் அவள்.

அவர் அவளைப் பார்த்தார். திட்டுவதற்கு அவரிடம் மூச்சு இல்லை. திரும்ப ஓடி, வண்டியை எடுத்து, பாலத்தடியில் நின்று, சுற்றிப் போகும்வரை இந்தக் குழந்தை தாங்காது என்பது மூவருக்கும் தெரிந்தது.

சுவரில் ஒரு இரும்புக் கதவு உண்டு. சுவரின் நிறத்திலேயே வண்ணம் அடித்த கதவு. எப்போதாவது அழுக்குத் துணி மூட்டைகள் அதன் வழியே வெளியே போகும், உடனே பூட்டிவிடுவார்கள். அவள் கையில் பெரிய கத்தரிக்கோல் இருந்தது. அதன் கைப்பிடியால் கதவை அறைந்தாள். வீதி முழுக்க அதிரும்படி, இத்தனை மாதம் வண்டிக்காரர்கள் மேல் சேர்த்து வைத்திருந்த ஆத்திரம் எல்லாவற்றையும் கொண்டு அறைந்தாள். உள்ளே தூங்குகிறவன் விழிப்பான் என்று தோன்றியது. விழிக்கட்டும்.

கதவுக்குப் பின்னால் ஒரு பெண்குரல், யாரது, இந்தப் பக்கம் வழியில்லை, முன்வாசலுக்குப் போங்க என்றது.

"குழந்தைக்கு மூச்சு நிக்குதும்மா. தொற."

"தொறக்கக் கூடாதுன்னு ஆர்டர். என் வேலை போயிடும்க்கா."

"தெரியும்" என்றாள் அவள். வேலை போவது என்றால் என்ன என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். கத்தரிக்கோலைத் தாழ்த்தினாள். சிறுமியின் இழுப்பு மட்டும் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கவேண்டும். சாவி திரும்பியது.

சலவைப் பிரிவில் வேலை செய்கிறவள் கதவை விரியத் திறந்து, வழியில் கிடந்த துணி மூட்டையைக் காலால் தள்ளினாள். "ஓடுங்கண்ணா, நேரா." டிரைவரும் தாயும் ஓடினார்கள். ஒரு சின்ன நடைவழி. அதன் மறுமுனையில் சிவப்பு எழுத்தில் அவசர சிகிச்சை என்று எரிந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டுக் கூடத்துக்கும் அடுக்களைக்கும் உள்ள தூரம்தான்.

அவள் அப்படியே நின்றாள். மேப் ஒருநாளும் பொய் சொல்லவில்லை. அவசரப் பிரிவுக்கு மிகக் கிட்டத்தில் இருக்கும் வாசலைத்தான் அது எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தது. பூட்டி வைத்திருந்தது மனிதர்கள். அவள் சுவரையும் போனையும் பெற்றவர்களையும் டிரைவர்களையும் சபித்தாள். இந்தக் கதவை ஒருநாளாவது ஏறெடுத்துப் பார்த்தாளா?

சற்று நேரத்தில் செக்யூரிட்டி வந்தான். அவன் பின்னால் கழுத்தில் அடையாள அட்டையோடு மேனேஜர் வந்தார். அதட்டாமல் மரியாதையாகத்தான் பேசினார். நோயாளிகள் வரவேற்பறை வழியாகத்தான் வரவேண்டும், அழுக்குத் துணி போகும் வழியில் ஆட்களை விட்டால் ஆஸ்பத்திரிக்குப் பெயர் கெடும் என்றார். சலவைக்காரியைப் பார்த்து, கதவை மூடிவிட்டு ஆபீஸுக்கு வா என்றார். அந்தப் பெண் கதவின் விளிம்பைப் பிடித்து இழுக்கத் தொடங்கினாள்.

கத்தரிக்கோலோடு அவள் அந்த இரும்புக் கதவின் படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, கதவு போகும் பாதையில் காலை நீட்டிக்கொண்டாள்.

"இது உங்க இடம் இல்லம்மா" என்றார் மேனேஜர்.

"என் வாசல்ல வந்து நின்னு சாகும்போது மட்டும் அது என் இடமா சார்?" குரல் உயரவில்லை. கோபம் இருந்தது, ஆனால் இப்போதுதான் அது போய்ச் சேரவேண்டிய ஆளிடம் சேர்ந்திருந்தது. "அந்தப் பொண்ண ஆபீஸுக்குக் கூப்பிடாதீங்க. தொறக்க வச்சது நான்."

மேனேஜர் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனார். செக்யூரிட்டி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றி மாட்டினான். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்த சலவைக்காரி குனிந்து, குழந்தைக்கு ஆக்ஸிஜன் மாஸ்க் வைத்திருக்கிறார்கள், மூச்சு இன்னும் சீராகவில்லை என்று காதோடு சொன்னாள். முன்பு சைரன் கேட்டால் செய்வதுபோல் அவள் கண்ணை மூடினாள். ஒரு நொடிதான்.

திறந்தபோது கணவன் எதிரே நின்றுகொண்டிருந்தான். பனியன், காதில் ஒரு பக்கம் மட்டும் பஞ்சு, சிவந்த கண்கள். ஸ்பேனர் வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருக்கவேண்டும். வீதி முனையில் ஸ்பேனர் சங்கிலியை அவிழ்க்கும் சத்தம் கேட்டது.

"இந்தக் கதவு தொறந்தே இருந்தா, வண்டி இன்னும் கூடத்தான் வரும். தெரியுமில்ல?" என்றான் கணவன்.

"தெரியும்."

"இன்னைக்கும் ராத்திரி ஷிப்ட் இருக்கு."

"தெரியுங்க."

அவன் கொஞ்ச நேரம் அந்த நடைவழியையே பார்த்தான். பிறகு வந்து அவளுக்குப் பக்கத்தில், இரும்புக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். இப்போது கதவை மூடவேண்டுமானால் இரண்டு பேரைத் தூக்கவேண்டும். செக்யூரிட்டி ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுத் தானும் உட்கார்ந்துகொண்டான். வெயில் ஏறியது. மேனேஜர் யாரை அழைத்துவரப் போகிறார் என்று யாருக்கும் தெரியாது. அவள் தோளில் மெல்ல ஒரு கனம் இறங்கியது. கணவன் தூங்கிப்போயிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் அசையவில்லை.

வீதி முனையில் ஒரு கார் திரும்பியது. கதவுக்கு உள்ளேயிருந்து டாக்ஸி டிரைவர் வெளியே வந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. படியில் இருந்தவர்களைப் பார்த்தார். வருகிற காரைப் பார்த்தார். வீதியின் நடுவுக்கு நடந்துபோய், ஒரு கையை உயர்த்தி, மறுகையின் விரலை உதட்டில் வைத்தார். கார் ஹாரன் அடிக்காமல், நடக்கிற வேகத்தில், அவர் பின்னாலேயே மெதுவாக உருண்டு வந்தது.