சோடியத்தின் மஞ்சள்

பேரணாம்பட்டில் இந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் லேபில் பதினோரு வருஷமாக எல்லாமே நான்தான். "ரெனிட்டா எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று டாக்டர் செல்வகுமாரே சொல்வார். அந்தத் திமிர் எனக்கு உண்டு. இல்லையென்று சொல்லி யாரை ஏமாற்ற?

எங்கள் மெஷின் பழசு. ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து வைத்தால், அதை உறிஞ்சித் தீயில் தூவும். செம்பு எரிந்தால் பச்சை, பொட்டாசியம் எரிந்தால் ஊதா, சோடியம் எரிந்தால் மஞ்சள். மஞ்சள் எவ்வளவு தூக்கலோ, உடம்பில் உப்பு அவ்வளவு ஜாஸ்தி. வெறும் டிஸ்டில்டு வாட்டருக்குத் தீ நீலமாகவே நிற்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை ஹலீமா பீயை ஆட்டோவில் தூக்கிவந்தார்கள். பீடி சுற்றும் அம்மா. இரண்டு நாளாக வாந்தி, பேச்சு குழறல். மகள் ஹீனா லேப் வாசலைவிட்டு நகரவில்லை.

"அக்கா, இன்னா வந்திருக்கு? ஆச்சா?"

"கொஞ்சம் சும்மா இரும்மா, பேஜார் பண்ணாத!"

கழுவிய டியூப் தீர்ந்திருந்தது. சிங்க்கில் கிடந்த ஒன்றைக் குழாயில் அலசி, ரெண்டு உதறு உதறி, ஹலீமா பீயின் சீரத்தை அதிலேயே கலந்தேன். குழாயில் வருவது போர் தண்ணீர். தோல் பதனிடும் ஷெட்டுகளின் உப்பு வருஷக்கணக்காக மண்ணில் இறங்கி, வாயில் வைக்க முடியாமல் போன தண்ணீர். குடிக்க மட்டும் கேன் வாங்குகிறோம். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் அதுதான். பிறந்ததிலிருந்து பழகிய கை, யோசிக்காமல் குழாயைத் திறந்துவிட்டது.

தீ குப்பென்று மஞ்சளாக எழும்பியது. நூற்று ஐம்பத்தொன்று; நூற்று நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உப்பு ஜாஸ்தி என்று டாக்டர், உப்பில்லாத குளுக்கோஸ் டிரிப் ஏற்றச் சொன்னார்.

பதினொன்றரைக்கு மெஷினைச் சரிபார்க்க, அதேபோல் அலசிய டியூபில் வெறும் டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி வைத்தேன். தீ மஞ்சளாக எரிந்தது. ஐயோ கர்த்தரே! குழாய்த் தண்ணீரின் உப்பு டியூபிலேயே ஒட்டியிருக்கிறது. புது டியூப் எடுத்து ஹலீமா பீயின் மீதி சீரத்தைக் கலந்து பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு. அந்த அம்மாவுக்கு உப்பு கம்மி, உயிருக்கே ஆபத்தான கம்மி. அதைத்தான் நாங்கள் காலையிலிருந்து மேலும் கரைத்துக்கொண்டிருந்தோம்.

ஓடினேன். "டாக்டர், டிரிப்ப நிறுத்துங்க! என் ரிசல்ட் தப்பு!" சொல்லி முடிப்பதற்குள் வார்டில் கட்டில் தடதடவென்று ஆடியது. ஹலீமா பீக்கு வலிப்பு.

டாக்டர் டிரிப்பைப் பிடுங்கினார், உப்பு மருந்து ஏற்றினார், வேலூருக்குக் கொண்டுபோக 108 வண்டியைக் கூப்பிட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

வலிப்பு நின்றது, கண் திறக்கவில்லை. ஸ்ட்ரெச்சரை ஏற்றும்போது புது ரிசல்ட்டை ஹீனாவிடம் நீட்டினேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஓடி வந்து சொல்லலன்னா எங்கம்மா போய்ச் சேர்ந்திருக்கும்னு நர்ஸ் சொன்னாங்க. அல்லா உங்கள நல்லா வெச்சிருக்கணும்க்கா."

தலையாட்டிவிட்டு உள்ளே போயிருக்கலாம். வேலையும் பேரும் மிஞ்சியிருக்கும். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கையைத் தாங்க முடியவில்லை.

"காலைல தப்பா எழுதிக் குடுத்ததே நான்தாம்மா. டியூப ஒழுங்கா கழுவல. அதனாலதான் அந்த டிரிப் போட்டாங்க."

அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. கையை விட்டாள்.

"அப்ப, நீங்க சரியா எழுதியிருந்தா இந்த வலிப்பு வந்திருக்காதா?"

"வந்திருக்காதும்மா."

காகிதத்தை என் பக்கமே தள்ளினாள். "இத நம்பி வேலூர்ல மருந்து குடுக்கணுமா? காலைலயும் கையெழுத்து போட்டுத்தானே குடுத்தீங்க?"

காகிதத்தை எடுத்துக்கொண்டு நானும் வண்டியில் ஏறினேன். நடந்ததை அங்கே டாக்டர்களிடம் நானே சொல்லியாக வேண்டும். ஹீனா என் முகத்தைப் பார்க்கவில்லை. தாயின் காலைப் பிடித்துக்கொண்டு, வண்டி கிளம்பியதும் சத்தமாக அழ ஆரம்பித்தாள்.