மூன்று பேருக்குத் தெரிந்த பாஸ்வேர்டு

ஊர்ப் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் நாளைக்கு என் கடைக்கு ஒருத்தனும் வரமாட்டான். கேரள எல்லைக்குள் மீனாட்சிபுரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே விலகினால் வருகிற தமிழ் ஊர், தென்னையும் மாடும் உள்ள ஊர், அவ்வளவு போதும். அங்கே எனக்கு செல்போன், கேமரா, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. போர்டில் பூபதிராஜா என்று போட்டிருக்கிறேன். ஊரார் பூபதி என்பார்கள். ஓசியில் வேலை வாங்கும்போது மட்டும் முழுப்பெயரும் வாயில் வரும்.

எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் வைஃபை வந்த நாள்முதல் அது ஊர்ச் சொத்தாகிவிட்டது. காலையிலும் சாயங்காலத்திலும் பால் ஊற்ற வருகிறவர்கள் வரிசையில் நின்றபடி போனைப் பார்ப்பார்கள். ஊற்றி முடித்தவனும் வீட்டுக்குப் போகாமல் சுவரோரம் உட்கார்ந்து பாதிப் படம் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். பாஸ்வேர்டு சங்கத்தின் பெயரும் ஒண்ணு ரெண்டு மூணும்தான். யாராவது கேட்டால் இல்லை என்று சொல்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. தாகம் என்று வந்தவனுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்வதுபோல அது.

இதில் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். கெட்டுப்போனது சித்ராவின் பிழைப்பு.

சித்ரா சங்கத்தில் பால் டெஸ்டர். செக்ரட்டரி வேலை காலியாகக் கிடந்ததால் அதையும் அவளே பார்த்தாள். ஒவ்வொருவர் பாலையும் மிஷினில் வைப்பாள். மிஷின் கொழுப்பை அளந்து வைஃபை வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அதை வைத்துத்தான் விலை. கொஞ்ச காலமாகக் கணக்கு உதைத்தது. லாரி ஏற்றிப்போன பாலில் கொழுப்பு குறைவு, எங்கள் கம்ப்யூட்டரில் அதிகம். துருவிப் பார்த்தபோது, சில வீட்டுக் கணக்கில் மட்டும் யாரோ கொழுப்பை ஏற்றி எழுதியிருப்பது தெரிந்தது. அதில் ஒன்று சித்ராவின் வீடு. செய்தவன் கெட்டிக்காரன். தன் வீட்டோடு அவள் வீட்டையும் சேர்த்துவிட்டான். அதற்கப்புறம் ஊர்க் கண்ணெல்லாம் வேறு எங்கே போகும்?

ஒரு மத்தியானம் அவள் தன் வீட்டுக்காரன் பாண்டீஸ்வரனோடு கடைக்கு வந்தாள். அவன் மாடு மேய்ப்பதும் கறப்பதுமாக இருக்கிறவன். சூதுவாது அறியாதவன் என்று ஊரில் பரிகாசமாகச் சொல்வார்கள். உண்மையும் அதுதான்.

“ஏனுங்ண்ணா, வைஃபைல பூந்து ஆரு வேணும்னாலும் அந்தக் கணக்க மாத்தலாமுங்களா?” என்று கேட்டாள்.

“மாத்தலாம்மா. போனுலயே மாத்தலாம். அந்தக் கணக்குக்குன்னு தனிப் பூட்டு இல்ல. அத எழுதிக் குடுத்த கம்பெனியே இப்ப இல்ல.”

“அப்ப வைஃபைய நல்லாப் பூட்டிப்போடுங்க. பூட்டுனப்பொறவு கணக்கு சரியா வந்துச்சுன்னா நான் பண்ணலைன்னு தெரிஞ்சுபோயிருமில்லீங்க. இந்த வேல போயிருச்சுன்னா எனக்கு வேற ஆருங்க தருவாங்க, திருடின்னு பேரோட?”

சங்கத் தலைவர் பிச்சைமணியிடம் போனேன். இன்னொரு வைஃபை பொட்டி வாங்கித் தாருங்கள், ஊருக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று, படம் பார்க்கிறவர்கள் அவர்கள் பாட்டுக்குப் பார்க்கட்டும், ஆபீஸ் பக்கம் எட்டிப்பார்க்க முடியாது என்றேன்.

“சங்கத்துல ஏதப்பா காசு? இருக்கற பொட்டியிலயே பண்ணிக்குடு பூபதி. உனக்குத் தெரியாததா” என்றார்.

அந்த வாரக் கமிட்டியில்தான் சங்க வாசலுக்கு ஆர்ச் கட்டப் பணம் ஒதுக்கினார்கள். ஆர்ச்சில் அவர் பெயர் வரும். வைஃபை பொட்டியில் வராது.

காசில்லாமல் செய்யக்கூடியது எல்லாவற்றையும் செய்தேன். பொட்டியின் செட்டிங்கைத் திறக்கக் கம்பெனி எல்லாப் பொட்டிக்கும் போட்டு அனுப்புகிற பொதுச் சாவி அப்படியே இருந்தது, அதை மாற்றினேன். பின்பக்கம் ஒரு பட்டனை அமுக்கினால் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே போகலாம், அதை அடைத்தேன். யாராலும் ஊகிக்க முடியாதபடி நீளமாக ஒரு பாஸ்வேர்டு போட்டேன். பழைய பொட்டி, இரண்டாகப் பிரிக்க அதற்குத் தெம்பில்லை. யார் யார் உள்ளே வந்தார்கள் என்று குறித்துக்கொள்ளும், ஆனால் கரண்ட் போனால் எல்லாம் மறந்துவிடும். எங்கள் ஊர்க் கரண்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை.

ஃபைலுக்கு வேண்டும் என்று கேட்டதால் எழுதியும் கொடுத்தேன். சங்க வைஃபை பாதுகாப்பாக உள்ளது, பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் தலைவர், டெஸ்டர், நான் ஆகிய மூன்று பேர் மட்டும். கையெழுத்தும் போட்டேன்.

கணக்கு சரியாக வர ஆரம்பித்தது. சித்ரா கடைக்கு முன்னால் ஸ்கூட்டியை நிறுத்தி, “இன்னைக்கும் சரியா வந்துச்சுங்ண்ணா” என்று சொல்லிவிட்டுப் போவாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வேலை செய்ததற்குப் பலனை அந்த மாதிரி முகத்தில் பார்ப்பது என் தொழிலில் அபூர்வம்.

ஆனால் வரிசையில் நின்றவர்களுக்குப் போன் சுற்றிக்கொண்டே இருந்தது. முணுமுணுப்பு திட்டாக மாறியது. சங்கத் தேர்தல் வேறு பக்கத்தில் இருந்தது. தீவனம் வந்தால், மாட்டு டாக்டர் வந்தால், விலை மாறினால், எதுவானாலும் மைக்கில் சொல்வது எங்கள் சங்கத்து வழக்கம். மெம்பருக்குத் தெரியாத ரகசியம் சங்கத்தில் இருக்கக்கூடாது என்பது பிச்சைமணியின் கொள்கை, ஆர்ச் கணக்கைத் தவிர.

ஒரு சாயங்காலம் கடையில் உட்கார்ந்திருக்கிறேன், ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்கிறது.

“மெம்பர்களுக்கு ஒரு அறிவிப்புங்க. வைஃபை பாஸ்வேர்டு மாத்தியாச்சு. சொல்றேன், நல்லாக் கேட்டுக்குங்க. பெரிய கே. சின்ன டி. ஒம்பது. அப்புறம் இந்த நட்சத்திரமாட்ட ஒண்ணு இருக்குமே, அது.”

முழுவதையும் சொன்னார். பின்னால் நிற்கிறவர்களுக்காக இன்னொரு தரமும் நிதானமாகச் சொன்னார். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது வரிசை முழுக்கத் தலைகுனிந்து போனில் தட்டிக்கொண்டிருந்தது. சித்ரா கையில் சாம்பிள் பாலோடு அப்படியே நின்றாள்.

“என்னங்க இப்படிப் பண்ணீட்டீங்க?” என்றேன் பிச்சைமணியிடம்.

“ஊரே திட்டுது பூபதி. தேர்தல் முடியட்டும், மறுக்கா மாத்திக்கலாம். நம்ம ஊருச் சனந்தானே, கள்ளனுகளா?”

அந்த வாரமே கொழுப்பு மறுபடி ஏறியது. அதே வீடுகள்.

பாலக்காட்டிலிருந்து விசாரணைக்கு ஒரு மலையாளி ஆபீசர் வந்தார். தமிழ் சுமாராகப் பேசுவார். சங்க ஹாலில் மெம்பர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சித்ரா தனியாக ஒரு பெஞ்சில். ஆபீசர் முன்னால் நான் எழுதிக் கொடுத்த தாள் இருந்தது.

நான் எழுந்து, அது எழுதிய நாளில் உண்மை, அதற்கப்புறம் தலைவர் மைக்கிலேயே பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டார், ஊர் முழுக்கத் தெரியும் என்றேன். ஆபீசர் பிச்சைமணியைப் பார்த்தார்.

“தீவனம் வந்துச்சுன்னு சொன்னேனுங்க சாரே. பாஸ்வேர்ட ஆராவது மைக்குல சொல்வாங்களா?”

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. ஆபீசருக்கே சிரிப்பு வந்தது. யாரும் சொல்லமாட்டார்கள். எங்கள் ஊரைத் தவிர.

“சரி. பாஸ்வேர்டு அறியுந்நவர் எழுந்து நில்லுங்க. போனை இங்கே வைக்கணும். டெஸ்டுக்கு அனுப்பும்” என்றார் ஆபீசர்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தை மூடிவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் போனில் என்னென்ன இருக்கிறது என்று ரிப்பேர் செய்கிற எனக்குத் தெரியும். அதை எவனும் சர்க்கார் கையில் கொடுக்கமாட்டான். அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். போன மாதம் சித்ராவின் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் பால் ஊற்றிய பெண்களும் தரையைத்தான் பார்த்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஹாலையே கொளுத்தலாம்போல் இருந்தது.

அப்போது கடைசி வரிசையில் பாண்டீஸ்வரன் எழுந்தான். “புள்ள, இருக்கட்டும், நான் சொல்றேன்” என்று, தலையாட்டி வேண்டாம் என்ற சித்ராவைப் பார்த்துச் சொன்னான். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவனுக்குப் புரியவில்லை. நேராக மேசைக்குப் போய்ப் போனை வைத்தான்.

“எனக்குத் தெரியுமுங்க சார். மைக்குலதான் கேட்டேன்.”

“இது ஆரு?” என்று கேட்டார் ஆபீசர்.

“டெஸ்டரோட ஊட்டுக்காரருங்க” என்றார் பிச்சைமணி, மெதுவாக.

ஆபீசர் சித்ராவைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பிறகு என் தாளைப் பார்த்தார். போனை அவன் பக்கமே தள்ளிவிட்டார். அதைச் சோதிக்க இனி அவசியம் இல்லை. டெஸ்டர் பாஸ்வேர்டைக் கணவனிடம் கொடுத்திருக்கிறார் என்று எழுதினார். நான் கத்தினேன். உட்காரச் சொன்னார்கள். சித்ராவை வேலையிலிருந்து நீக்க அங்கேயே முடிவானது.

வாசலில் பாண்டீஸ்வரன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“நான் நெசத்தத்தான புள்ள சொன்னேன்?”

“நெசந்தானுங்க” என்றாள் சித்ரா. அந்தப் போனைத் தானே வாங்கி அவன் சட்டைப்பையில் போட்டாள். “வாங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டோணும். பால் ஊத்தற நேரமாச்சு.”