சுதீர் தலையில் விளைந்த தேயிலை

கோத்தகிரிக்குச் சுற்றுலா போய்த் திரும்பிய அடுத்த வாரம், சுதீரின் மொட்டைத் தலையில் முடிக்குப் பதிலாகத் தேயிலை முளைத்தது. அந்த வாரம் தக்காளி விலை ஏறியிருந்ததால் புத்தூரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தப்பு அவனுடையதுதான். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மலை என்றால் ஒரே மலைதான்; ஏறினால் முடி கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். மாங்கூழ் தொழிற்சாலை நண்பர்களோடு வேனில் போன சுதீர், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கோவிந்தா போட்டான். இறங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டு, கடைவீதி சலூனில் மொட்டை அடித்துக்கொண்டான். பேச்சில் இருந்த பெண் கீர்த்தியோடு கல்யாணம் கூடிவர வேண்டும் என்பது வேண்டுதல். முடியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாததால் ஒரு தேயிலைச் செடியின் அடியில் வைத்தான். இது சாமி மலை இல்லை, எஸ்டேட் என்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எடுத்துச் சொல்லிப் பார்த்தார்கள். கொடுத்ததைத் திரும்ப எடுத்தால் நன்றாக இருக்காது என்று அவன் வேன் ஏறிவிட்டான்.

தேயிலைக்குத் தண்ணீர் தேங்கக் கூடாது, சரிவு வேண்டும். ஆகவே சுதீர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்துக்கொண்டான். எதைச் சொன்னாலும் சரி என்கிற பையன் என்று நினைத்து, தொழிற்சாலையில் அவனைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். காலை வேளையில் முறத்தளவு பனிமூட்டம் ஒன்று அவன் தலைக்கு மேல் மட்டும் வந்து நிற்கும். கத்திரி வெயிலிலும் தவறியதில்லை. பஸ்ஸில் அவன் பக்கத்து சீட்டுக்குச் சண்டையே நடந்தது.

கீர்த்தியின் அப்பா சந்திரனுக்குத்தான் இது பிடிக்கவில்லை. சம்பந்தத்தை முறித்துவிடுவதென்று மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஆனால் அவர் மாந்தோப்புக்காரர். தலையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, இலையைத் திருப்பிப் பார்த்து, பூச்சி இல்லை என்று மனசில்லாமல் ஒப்புக்கொண்டார்.

"மாங்கா வருசத்துக்கு ஒரு தபா. இது?"

"பதினஞ்சு நாளைக்கு ஒரு தபா கிள்ளணும் மாமா."

"இன்னும் பொண்ணே குடுக்கல. அதுக்குள்ள இன்னா மாமா?"

கீர்த்தி யாரையும் கேட்கவில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கைநிறையக் கிள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். வாணலியில் வாட்டி, கசக்கி, டீ போட்டு, எல்லார் முன்னாலும் நின்று குடித்தாள். சுதீர் பல நாளுக்குப் பிறகு தலையை நேரே வைத்தான்.

"கொஞ்சம் துவர்க்குது நைனா. பாலு ஜாஸ்தி ஊத்தனா சரியாப் பூடும்," என்றாள் கீர்த்தி.

நாராயணவனத்தில் கல்யாணம் நடந்தது. தலைப்பாகை கட்ட வழியில்லாமல் செடியைச் சுற்றிச் சரிகைத் துண்டைக் கட்டினார்கள். பனிமூட்டத்தில் மாப்பிள்ளை முகம் எந்தப் போட்டோவிலும் விழவில்லை. பெண் முகம் தெளிவாக விழுந்ததால் யாருக்கும் குறையில்லை.

கையோடு இருவரும் கோத்தகிரி போனார்கள். அந்தச் சரிவில் ஒரு செடியில் மட்டும் இலைக்குப் பதில் கருகருவென்று முடி வளர்ந்திருந்தது. கொழுந்து பறிக்கிற பெண்கள் அதைப் பின்னி, ரிப்பன் கட்டியிருந்தார்கள். எண்ணெய் காணாமல் வறண்டு கிடக்கிறது என்று குறைபட்டுக்கொண்டார்கள். கீர்த்தி பையிலிருந்து தேங்காய் எண்ணெயும் சீப்பும் எடுத்து, ரிப்பனை அவிழ்த்து, சிக்கெடுக்க உட்கார்ந்தாள்.

"மெதுவா வாரு கீர்த்தி," என்றான் பின்னால் நின்ற சுதீர், தலையைப் பிடித்துக்கொண்டு.