கெட்டில் இருந்த பக்கம்

"உன் போர்டுக்கு என்னைக் கண்டா வெக்கம் போல. நான் வந்தாலே நம்பர் ஆடுது," என்று ஒராசியோ சொன்னதும், "உன் மூஞ்சியைப் பாத்தா யாருக்குத்தான் ஆடாது? பேசாம மாத்தே டீயை ஊத்து," என்று தான் சொன்னதும் நோயெலியாவுக்கு நினைவு வந்தது. போன வாரத்துப் பேச்சு. அதில் உண்மை இருக்குமோ என்று இப்போதுதான் தோன்றியது.

அர்ஜென்டினாவின் பரிலோச்சேயில் அவர்கள் பட்டறை மலைப்பனியின் எடையை அளக்கும் கருவி செய்தது. சென்சார் சிப் உட்காரும் போர்டை வரைவது நோயெலியா, பற்றவைப்பது ஒராசியோ. கருவி காட்டும் எண் நிலையாக நிற்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் நிற்காவிட்டால் வரையும் வேலை புவெனஸ் அய்ரஸுக்குப் போய்விடும் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டாள். போனால் நோயெலியாவுக்கு இங்கே வேலையில்லை.

ஒராசியோ வழக்கம்போல் நாற்காலியை இழுத்துப் போட்டு, மாத்தேக்கான சுடுநீர்க் கெட்டிலைப் போர்டின் ஓரமாக வைத்தான். எண் நகர்ந்தது. அவன் கெட்டிலோடு எழுந்து போனதும் மெல்லத் திரும்பி வந்தது.

சிப்புக்குப் போகும் இரண்டு தடங்களிலும் ஒவ்வொரு ரெசிஸ்டர். ஒன்றை விளிம்பிலும் மற்றதை உள்ளே தள்ளியும் அவள் வரைந்திருந்தாள். விளிம்பில் இருந்ததன் ஒரு முனை மட்டும் சூடேறியது. பற்றவைத்த இடத்தில் அந்த வித்தியாசம் துளி மின்னழுத்தமாகி, சிப் அதையும் பனியென்று எண்ணிக்கொண்டது.

அவனிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. இரண்டையும் அருகருகே, ஒரே திசையில் வைத்து மறுபடி வரைந்தாள். சூடு பட்டால் இரண்டிலும் ஒரே அளவு பட்டு, ஒன்றை ஒன்று கழித்துவிடும். வியாழனன்று ஒராசியோ புதுப் போர்டைப் பற்றவைத்தான். அவளே கெட்டிலை அதன் பக்கத்தில் வைத்தாள். எண் அசையவில்லை. முதலாளியம்மா வந்து பார்த்து, தலையசைத்துவிட்டுப் போனாள்.

ஒராசியோவுக்கு விஷயம் புரிய நேரமாயிற்று.

"அடிப்பாவி, கெட்டில்தானா? தள்ளி வைடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே."

"மலையில வெயிலும் ஒரு பக்கமாத்தான் அடிக்கும். எப்படியும் மாத்தணும்."

"அது சரி. அதுக்காக இத்தனை நாள் என்கிட்ட வாயே திறக்கலையே?"

அவள் மாத்தேயை உறிஞ்சி முடித்துக் குடுவையை அவனிடம் நீட்டினாள்.

"சொன்னா கெட்டிலைத் தூக்கிக்கிட்டு நீயும் வேற மேசைக்குப் போயிடுவே."

அவன் குடுவையை வாங்கினான், ஆனால் ஊற்றவில்லை.

"ஒராசியோ," என்றாள், "மூணு வருஷமா கேக்கணும்னு இருக்கேன். என்னைக் கட்டிக்கிறியா?"