சுண்ணாம்புக் கோடு விழாத மரம்

அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்க நான்கு பேர் குனிந்தபோது காற்று மறுபடி எழுந்தது. மகள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பண்ணை வீட்டு வாசலிலிருந்து பெரிய கேட்டு வரை இருபக்கமும் அறுபத்திரண்டு மரங்கள், நூறு வயதுக்கு மேல். கிளைகள் மேலே பின்னிக்கொண்டதால் பகலிலும் உள்ளே இருட்டு. அந்த இருட்டுக்குள் ஏதோ ஒரு மரம் முனகியது.

வருடந்தோறும் மழைக்கு முன் அப்பா மரச்சுத்தியலான கொட்டாப்புளியோடு கிளம்புவார். ஒவ்வொரு மரமாக அடியில் தட்டிக் காது கொடுப்பார். சத்தம் கெட்டியாக இருந்தால் அடுத்த மரம். உள்ளே உளுத்திருந்தால் சுண்ணாம்பால் ஒரு கோடு. கோடு விழுந்த மரத்தை வெட்டிவிடுவார்கள். மூன்று வருடமாக எதிலும் கோடு விழவில்லை. அவருக்குக் காது போய்விட்டதை மகளிடம் மட்டும் சொல்லி, யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த மரங்களுக்கடியில் ஊரே நடக்கப் போகிறது, இடுப்பில் பிள்ளைகளோடு.

கொடுத்த வாக்கை மீறுவதற்குக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அண்ணனைச் சமையலறைக்குள் அழைத்தாள்.

"அப்பாவுக்கு மூணு வருஷமா காது கேக்காதுண்ணா."

"தெரியும். கூப்பிட்டா திரும்பாத மனுஷனுக்கு மரம் பேசறது மட்டும் கேக்குமாக்கும்? அவர் அசந்து தூங்குறப்ப நான் போய் ஒரு சுத்து தட்டிட்டு வந்துடுவேன்."

"இந்த வருஷமும் தட்டினியா?"

"முதுகைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேனே. நீதான கூடப் போனே?"

அவள் அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். "ஒரு மரம் உள்ளே உளுத்தாப்ல பொத்துன்னு கேட்டுச்சு. அவர் என்னைப் பார்த்துச் சிரிச்சு, கெட்டின்னார். நானும் தலையாட்டிட்டேன்."

"எந்த மரம்?"

"எண்ணலைண்ணா."

அண்ணன் ஈரமாயிருந்த அவள் கன்னத்தைத் துண்டால் துடைத்துவிட்டு வெளியே போனான். வயல் வழியாகத்தான் தன்னைக் கொண்டுபோக வேண்டும் என்று அப்பா கேட்டுக்கொண்டதாக எல்லோரிடமும் சொன்னான். தங்கையின் பக்கம் திரும்பவே இல்லை.

பெட்டியின் முன்பக்கம் நின்ற சித்தப்பா முழங்கால் ஆழச் சேற்றைப் பார்த்தார். "போற நேரத்துலயும் நம்மள வேலை வாங்காம விடமாட்டார் போல" என்றார். ஆனாலும் முதலில் குனிந்து செருப்பைக் கழற்றியவர் அவர்தான்.

வரப்போரமாகச் செருப்புகள் சேர்ந்தன. பெரியது, சிறியது, வார் அறுந்தது. கடைசியில் மகளும் தன்னுடையதைக் கழற்றி வைத்தாள். சேறு கணுக்காலுக்கு மேல் ஏறியது, குளிர்ந்து.