குட்டியம்மா

அந்தப் பள்ளிக்கூடத்தில் மார்க் கிடையாது, ரேங்க் கிடையாது, பெஞ்சுகூடக் கிடையாது. ஒரு வாடகை வீடு, விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய பிள்ளைகள்; அதில் இன்னும் மத்தியானம் தூங்கவைக்க வேண்டிய குட்டிகளும் உண்டு. கார் நிறுத்துமிடம் தச்சுப் பட்டறை, சமையலறை அறிவியல் கூடம். டீச்சர், சார் என்று யாரும் கூப்பிடுவதில்லை; எல்லோரும் அக்கா, அண்ணன். நடத்துகிற அம்மாள் பெரியக்கா. கைதட்டும் சத்தம் சில பிள்ளைகளுக்கு ஆகாது என்பதால், பாராட்ட வேண்டுமென்றால் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டுவார்கள். அவ்வப்போது பெற்றோரைக் கூப்பிட்டுப் பாயில் உட்காரவைத்து, எந்தப் பிள்ளைக்கு எது பலம் என்று வாயாரச் சொல்வார்கள்.

இந்த முறை அந்தக் கூட்டத்துக்கு ஆயா அரை நாள் லீவு கேட்டு வந்திருந்தாள். ஆயா என்றதும் கிழவி என்று நினைக்க வேண்டாம். வயது முப்பதுக்கு மேல் கொஞ்சம்தான். பெரிய வீடொன்றில் இரண்டு குழந்தைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைக்கிற வேலை. அந்த வாண்டுகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராகிவிட்டது.

இந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை குறை சொல்ல அவள் விடமாட்டாள். பழைய பள்ளிக்கூடத்தில் அவள் மகளுக்குக் கிடைத்த பட்டம் ‘மக்கு’. காலையில் யூனிஃபார்மைக் கண்டாலே பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடும். இங்கே வந்ததும் அந்த வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை. பெரியக்காவை ஆயா தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடாத குறைதான்.

ஆரம்பத்தில் மகள் வீட்டுக்கு வந்ததும் கேள்வி கேட்டே உயிரை வாங்குவாள். ஐஸ்கட்டி ஏன் மிதக்குது? ஸ்பூன்ல முகம் ஏன் தலைகீழாத் தெரியுது? “எனக்கென்னடி தெரியும், போய் உங்க அக்காவக் கேளு” என்று ஆயா விரட்டினாலும், உள்ளுக்குள் பெருமை பிடிபடாது. கொஞ்ச நாளாக அந்தத் தொல்லை இல்லை. இப்போது வந்ததும் வராததுமாக யார் அழுதது, யார் சாப்பிடாமல் அடம்பிடித்தது, யாரைத் தூங்கவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது என்பதே பேச்சு. வேலை முடிந்து வந்து ஆயா புலம்புகிற அதே பேச்சு. அப்போது அது அவளுக்கு உறைக்கவில்லை. அன்றாட அசதியில் எதைத்தான் கவனிப்பது?

கூட்டம் ஆரம்பித்தது. டாக்டர் மகனுக்குக் கணக்கு பலமாம். வக்கீல் மகளுக்கு எதையும் மடக்கிக் கேள்வி கேட்பது பலமாம். கைகள் ஆடின.

“அடுத்து நம்ம குட்டியம்மா” என்றாள் பெரியக்கா. மகளுக்கு இங்கே அதுதான் செல்லப் பெயர். “இவளோட பலம் பாசம். எந்தக் குட்டி அழுதாலும் சரி, இவ தூக்கினா போதும், கப்புனு நின்னுடும். இதெல்லாம் சொல்லிக்குடுத்து வர்றதில்ல. ரத்தத்துலயே இருக்கு.”

கைகள் எழும்பி ஆடின. பாராட்டத் தூக்கிய ஆயாவின் கைகள் மட்டும் பாதியில் நின்றன. அந்த ‘ரத்தம்’ அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. டாக்டருக்குப் பிறந்தது கணக்கோடு பிறந்ததாம், வக்கீலுக்குப் பிறந்தது கேள்வியோடு பிறந்ததாம், ஆயாவுக்குப் பிறந்தது இடுப்பில் பிள்ளையோடு பிறந்ததாம். அடேயப்பா, என்ன ஒரு கண்டுபிடிப்பு!

“பெரியக்கா, ஒண்ணு கேக்கலாமா?” என்றாள். “சமையக்கட்டுல சோதனை நடக்கறப்போ இவ எங்க இருப்பா?”

“பெரும்பாலும் குட்டிங்களோட தோட்டத்துல இருப்பா. அவளாத்தான் போறா. நாங்க யாரையும் கட்டாயப்படுத்தறதே இல்லயே.”

ஆயா பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளிடம் திரும்பினாள். “நேத்து என்ன செஞ்சு காட்டினாங்க? சொல்லுடி.”

மகள் திருதிருவென்று விழித்தாள். “தெரியலம்மா. குட்டிப்பையன் அழுதான், நான் வெளிய இருந்தேன்.”

“அதுக்கு முந்தின நாளு?”

“அன்னைக்கும்தாம்மா.”

பெரியக்கா சிரித்த முகம் மாறாமல் குனிந்து, “குட்டிங்களப் பாத்துக்க உனக்குப் பிடிக்கும்தானே கண்ணா?” என்று கேட்டாள். “பிடிக்கும்” என்றது பிள்ளை. கேட்டீர்களா என்பதுபோல் பெரியக்கா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

ஆயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பிடிக்கும்னுதான் சொல்லுவா. மக்கு மக்குன்னு கேட்டுக் காது புளிச்சுப்போன பிள்ளை இது. மொத மொதல்ல நீங்கதான் கெட்டிக்காரின்னு சொன்னீங்க. எதுக்குச் சொன்னீங்களோ அதைத்தானே திரும்பத் திரும்பச் செய்யும்? வேற எதுக்காவது சொல்லிப் பாத்தீங்களா? பிள்ளை தூக்கறதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு? என்கூடவே வேலைக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேனே!”

பெரியக்காவின் கண் கலங்கிவிட்டது. “நீங்க எங்க முறையவே தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க.”

“எவ்வளவு அன்பா வச்சிருக்காங்க உங்க பொண்ண” என்றார் வக்கீல். “கொஞ்சமாவது நன்றி வேண்டாமா?”

ஆயாவுக்கு உள்ளூரப் பயம்தான். பிள்ளை இங்கே வேண்டாம் என்று இவர்கள் சொல்லிவிட்டால் மறுபடி அந்தப் பழைய பள்ளிக்கூடம், அந்தப் பட்டம், அந்த வயிற்றுவலி. வாயை மூடிக்கொண்டு போனால், அன்போடு அன்பாக மகள் இன்னொரு ஆயாவாகி நிற்பாள். அடித்துச் செய்கிற அநியாயம் என்றால் ஊரைக் கூட்டிச் சண்டை போடலாம். கொஞ்சிக்கொண்டே செய்கிற அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

அந்த நேரம் பார்த்து உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த குட்டிப்பையன் வீறிட்டு அழுதான்.

எல்லோரும் திரும்பினார்கள். அழுகை வந்த அறையை யாரும் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்தார்கள். அண்ணன்மார் பார்த்தார்கள், அக்காமார் பார்த்தார்கள், பெரியக்கா பார்த்தாள். அழுகிறவன் வக்கீலின் இளைய மகன். வக்கீலும் ஆயாவின் மகளைத்தான் பார்த்தார்.

பிள்ளை பாதி எழுந்துவிட்டது. ஆயா அதன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். “உக்காருடி.”

அழுகை ஏறிக்கொண்டே போனது. ஒருவரும் அசையவில்லை.

“என்னம்மா இது, குழந்தை அழறான்ல?” என்றார் வக்கீல்.

“ஆமா சார். உங்க குழந்தைதான்.”

வக்கீல் பெரியக்காவைப் பார்த்தார். பெரியக்கா அவரைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேருமாக எழுந்து உள்ளே ஓடினார்கள். “என்னடா வேணும்? என்னடா வேணும்?” என்று வக்கீல் குரல் கேட்டது. பதிலுக்கு அழுகை இரண்டு மடங்கானது.

மகளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிடியைக் கொஞ்சம் தளர்த்தினாலும் கை எழுந்து ஓடிவிடும் போலிருந்தது. இத்தனை நேரம் வராத அழுகை அப்போதுதான் ஆயாவுக்கு வந்தது.

“தோள்ல சாச்சு முதுகத் தட்டினாப் போதும்மா, நின்னுடுவான்” என்று மகள் அவள் காதில் கிசுகிசுத்தாள். “நான் போய்ச் சொல்லிட்டாவது வரட்டுமா?”

“வேண்டாம்” என்றாள் ஆயா. “பள்ளிக்கூடம்தானே இது. அவங்களும் கொஞ்சம் கத்துக்கட்டும்.”